முதல் ஸ்கீ: 98 மி.மீ. மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

கேள்வி – நவம்பர் 10, 2024

அக்கா, இரண்டு குளிர்காலம் வாடகை ஸ்கீயில் (பனிச்சறுக்குப் பலகையில்) ஓடிவிட்டேன். மொத்தம் 14 நாள், எல்லாம் கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள புளூ மவுண்டனில். நடுத்தரமான நீலப் பாதைகளில் இரண்டு பலகையையும் சமாந்தரமாக வைத்துத் திரும்ப முடிகிறது. கடினமான கறுப்புப் பாதையில் ஐஸ் வந்தால் பழையபடி பீட்சாதான், அதாவது நுனிகளை ஒடுக்கி வால்களை விரித்து வேகம் குறைப்பது. உயரம் 176 செ.மீ., எடை 78 கிலோ. ஒருவர் 98 மி.மீ. அகலம், 184 செ.மீ. நீளமான ஸ்கீயை பைண்டிங்கோடு (பூட்ஸைப் பலகையில் பூட்டுகிற பொறி) பாதி விலைக்கு விற்கிறார். ஒரு சீசன்தான் ஓடியதாம். அகலமான பலகை எல்லா இடத்துக்கும் சரிவரும் என்கிறார். வாங்கலாமா?

நவம்பர் 10, 2024 – இரவு 9:15

வேண்டாம் தம்பி. பலகை கெட்டது என்று சொல்லவில்லை. அது வேறு பனிக்குச் செய்த பலகை.

98 என்பது பலகையின் இடுப்பு, அதாவது உங்கள் கால் நிற்கிற இடத்தின் அகலம். ஆழமான, மெத்தென்ற பனியில் அந்த அகலம் உங்களை மிதக்க வைக்கும். கனடாவின் மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கிறவர் கேட்டிருந்தால் உடனே வாங்குங்கள் என்பேன். ஆனால் நீங்கள் ஓடிய 14 நாளில் முழங்கால் அளவு புதுப்பனியை எத்தனை நாள் கண்டீர்கள்? புளூ மவுண்டன் மேலிருந்து கீழ்வரை 219 மீற்றர். பனி பகலில் இளகும், இரவில் இறுகும், விடியமுன் இயந்திரம் வாரிச் சமன்செய்யும். காலை ஒன்பது மணிக்கு வரிவரியாக அழகாக இருக்கும். பின்னேரம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். மேல்பனியை எல்லாரும் வழித்துக் கரைக்குத் தள்ளியிருப்பார்கள், நடுவில் மிஞ்சுவது மொசைக் தரை. அதில்தான் நீங்களும் நானும் ஓடுகிறோம்.

அந்தத் தரையில் உங்களைப் பிடித்து வைத்திருப்பது பலகையின் ஓரத்தில் இருக்கிற உருக்கு விளிம்பு ஒன்றுதான். 98 பலகையில் அந்த விளிம்பு உங்கள் பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து 49 மி.மீ. தள்ளி இருக்கிறது. 74 பலகையில் 37. பன்னிரண்டு மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். ஆனால் பலகையைச் சரித்து ஐஸில் அழுத்தும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தப் பன்னிரண்டையும் முழங்கால்தான் சுமக்கிறது. அகலமான பலகை ஒரு விளிம்பிலிருந்து மற்ற விளிம்புக்கு மாறவும் நேரம் எடுக்கும். கறுப்புப் பாதையில் நீங்கள் பீட்சாவுக்குத் திரும்பிப் போவது விளிம்பு பிடிக்காத பயத்தால். அந்தப் பயத்தை 98 கூட்டும்.

நீளமும் சரியில்லை. 184 உங்களைவிட உயரம். பலகையை நிமிர்த்தி வைத்தால் நுனி உங்கள் நாடிக்கும் நெற்றிக்கும் நடுவில் எங்கேயாவது வரவேண்டும். உங்களுக்கு 165க்கும் 172க்கும் இடையில், இடுப்பு 72–78.

நவம்பர் 10, 2024 – இரவு 11:40

படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, எழும்பி வந்து எழுதுகிறேன். பூட்ஸ் சொந்தமாக இருக்கிறதா? இல்லையென்றால் ஸ்கீயைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். இருக்கிற காசை முதலில் பூட்ஸில் போடுங்கள், ஸ்கீயை இன்னொரு சீசன் வாடகைக்கு எடுக்கலாம். கால் சொல்வதைப் பலகைக்குக் கொண்டுபோவது பூட்ஸ். அது தளர்ந்தால் எந்தப் பலகையும் உங்கள் பேச்சைக் கேட்காது.

என் கதையைச் சொல்கிறேன். முதல் மூன்று வருடமும் வாடகைக்கு எடுக்கும்போது 26.5 தான் கேட்டு வாங்கினேன், விரலுக்கு இடம் வேண்டும் என்று. ஒவ்வொரு முறையும் பெருவிரல் நகம் கறுத்தது. இறுக்கம் என்று நினைத்தேன். பிறகு பூட்ஸ் பொருத்துகிற ஒரு கடையில் ஒருவர் என் பாதத்தை அளந்தார். 24.4 சென்ரிமீற்றர். ஸ்கீ பூட்ஸ் அளவு என்பதே பாதத்தின் நீளத்தைச் சென்ரிமீற்றரில் சொல்வதுதான், எனக்கு அதுவரை தெரியாது. அவர் உள்ளே இருக்கிற மெத்தை உறையைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் ஓட்டுக்குள் காலை விடச் சொன்னார். விரல் முன்னால் முட்டும்வரை தள்ளிக்கொண்டு நின்றேன். குதிக்குப் பின்னால் தன் இரண்டு விரலை அடுக்கி வைத்துப் பார்த்தார். வாடகை அளவில் மூன்று விரல் போகும் இடைவெளி. 24.5 இல் ஒன்றரை விரல், கிட்டத்தட்ட 1.5 செ.மீ. அதுதான் சரியான இடைவெளி. இவ்வளவு காலமும் என் கால் பூட்ஸுக்குள் முன்னால் வழுக்கிப்போய் முட்டித்தான் நகம் கறுத்திருக்கிறது.

புதுப் பூட்ஸ் போட்டு நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி தொடும். முழங்காலை மடித்து முன்னால் சாய்ந்தால் விலகும். இரண்டும் நடக்கவேண்டும். கடையில் இருபது நிமிடமாவது போட்டுக்கொண்டு நில்லுங்கள். ஒரு சோடி மெல்லிய காலுறை போதும்.

விறைப்பு எண் ஒன்று எழுதியிருக்கும். உங்கள் எடைக்கு 90 அல்லது 100 பாருங்கள். ஒரு கொம்பனியின் 100 இன்னொன்றின் 90 போல இருக்கும், அதற்குப் பொது அளவுகோல் இல்லை, ஆகையால் எண்ணை நம்பாமல் மடித்துப் பாருங்கள்.

நவம்பர் 14, 2024

பலகையில் எழுதியிருக்கிற 122-74-106 R14 என்பது என்ன என்று இன்னொரு தம்பி கேட்டிருக்கிறார். நுனி 122, இடுப்பு 74, வால் 106, எல்லாம் மி.மீ. R14 என்றால் பலகையின் பக்கவாட்டு வளைவை ஒரு முழு வட்டமாக நீட்டினால் அதன் ஆரம் 14 மீற்றர். பலகையைச் சரித்து அதன் பாட்டில் விட்டால் ஏறத்தாழ அந்த வளைவில் திரும்பும். இன்னும் சரித்தால் இன்னும் இறுக்கமாக. எங்கள் பாதைகள் குறுகல், வார இறுதியில் கூட்டமும் அதிகம், 13–16 போதும்.

இந்த இடுப்பு வளைவு முன்பும் இருந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு. பலகையும் இரண்டு மீற்றருக்கு மேல். 1993 இல் ஸ்லோவீனியாவின் எலான் கொம்பனி எஸ்.சி.எக்ஸ். என்று ஒரு பலகையைக் கொண்டுவந்தது. நுனியும் வாலும் அகன்று நடு ஒடுங்கி, உடுக்கு மாதிரி. யூரி ஃப்ராங்கோ, பாவெல் ஷ்கோஃபிச் என்ற இரண்டு பொறியியலாளர்கள் செய்தது. சில வருடத்துக்குள் எல்லாக் கொம்பனியும் அந்த வடிவத்துக்கு மாறின. நீங்களும் நானும் வளர்ந்த பிறகு தொடங்கி, இரண்டு குளிர்காலத்தில் சமாந்தரமாகத் திரும்புகிறோம் என்றால் அதற்கு அவர்கள் பெரிய காரணம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உண்மையாகவே நன்றி வருகிறது.

எஸ்.சி.எக்ஸுக்கு முன்னால் ஸ்வீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க் உலகக் கோப்பையில் 86 வெற்றி பெற்றதும் எலான் பலகையில்தான், நேரான பலகையில். அந்த எண்ணை 2023 மார்ச்சில் அமெரிக்காவின் மிகேலா ஷிஃப்ரின் தாண்டினார். நேரான பலகையில் ஸ்டென்மார்க் அந்தத் திருப்பங்களை எப்படிப் போட்டார் என்று பழைய காணொளிகளை மகனோடு இருந்து பார்த்திருக்கிறேன்.

நவம்பர் 20, 2024

எந்தக் கொம்பனி என்று மூன்று பேர் கேட்டாயிற்று. ரொசிஞ்ஞோல், அட்டோமிக், ஹெட், ஃபிஷர், வோல்க்ல், எலான், நோர்டிகா எதுவும் நடுத்தர ஆளுக்கு நல்ல பலகை செய்கிறது. எலானின் விங்மன் வரிசையில் இடது பலகை, வலது பலகை என்று தனித்தனி. உள்விளிம்பும் வெளிவிளிம்பும் வேறு வளைவு. மாற்றிப் போடக்கூடாது. மற்றப்படி பெயரைவிட வயிற்றைப் பாருங்கள். உள்ளே மரமா நுரையா என்று கேளுங்கள். நுரை இலகு, மலிவு. மரம் அதிர்வைக் குடிக்கும், கன வருடம் உயிரோடு இருக்கும்.

போன வருடத்துப் பலகை என்றால் தயங்க வேண்டாம். அநேகமாக மேலே உள்ள படம்தான் மாறியிருக்கும்.

டிசெம்பர் 2, 2024

கேள்வி கேட்ட தம்பி பூட்ஸ் வாங்கிவிட்டாராம், 27.5. பாதி வேலை முடிந்தது.

டிசெம்பர் 15, 2024

நேற்று மலையில் கொம்பனிகள் பலகை கொண்டுவந்து இலவசமாக ஓடிப்பார்க்கத் தந்தார்கள். என் சொந்தப் பலகை 2019 இல் வாங்கியது, இடுப்பு 76. நேற்று 72, 82, 88 என்று மூன்று ஓடினேன். 72 இல் ஏறி முதல் திருப்பத்திலேயே மூச்சு நின்றது. கத்தி வெண்ணெயில் இறங்குவது மாதிரி. என் பலகை கர்ர் என்று தேய்த்துக்கொண்டு கீழே போகிற அதே சரிவில் இது கோடு போட்டது. நின்று திரும்பிப் பார்த்தேன். பென்சிலால் கீறினதுபோல இரண்டு கோடு, நடுவில் ஒரு தேய்ப்புக்கூட இல்லை.

தம்பி, நான் முதலில் சொன்னதைவிட ஒடுக்கமாகவே போகலாம். ஐந்து வருடத்தில் பலகைகள் இவ்வளவு முன்னேறியிருக்கின்றன. எனக்கும் புதிதாக வாங்கும் எண்ணம் வந்துவிட்டது.

ஜனவரி 5, 2025

மேலே டிசெம்பர் 15 இல் எழுதியது பிழை. அதைப் படித்துவிட்டு யாராவது காசைச் செலவழிக்கும் முன் இதைப் படியுங்கள்.

புதுசு வாங்க முதல் பழைய பலகையை விற்கலாம் என்று ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். வேலைசெய்கிற பிள்ளை என் பலகையைத் திருப்பி வைத்து, தன் கட்டைவிரல் நகத்தின் முதுகை விளிம்புக்குக் குறுக்கே மெதுவாக இழுத்தார். பிறகு நகத்தை வெளிச்சத்தில் காட்டினார். ஒன்றுமில்லை. பக்கத்தில் கிடந்த இன்னொரு பலகையில் அதேபோல இழுத்தார். நகத்திலிருந்து மாவு மாதிரி வெள்ளைத் தூள் சீவிக்கொண்டு வந்தது. “கடைசியாக எப்போது தீட்டினீர்கள்?” என்று கேட்டார். இரண்டு சீசனாகத் தீட்டவில்லை.

அங்கேயே கொடுத்தேன். அடிப்பக்கத்தைக் கல்லில் அரைத்து, பக்க விளிம்பை 2 பாகை தீட்டி, மெழுகு போட்டுத் தந்தார்கள். வரி உட்பட 70 டொலருக்குக் கிட்ட. நேற்று அதே சரிவில் ஓடினேன். கிறிஸ்மஸுக்குப் பிறகு பெய்த மழை உறைந்துபோய் டிசெம்பரைவிட மோசமான தரை. என் பழைய 76 பிடித்தது. 72 பலகை தந்த அதே பிடி என்று சொல்லமாட்டேன், ஆனால் அன்றைக்கு நான் கண்ட வித்தியாசத்தில் பாதிக்கு மேல் பலகையினுடையது இல்லை, விளிம்பினுடையது. ஓடிப்பார்க்கத் தருகிற பலகைகள் புதுசாகத் தீட்டி வருகின்றன. நான் அதை இரண்டு வருடம் மழுங்கின என் பலகையோடு ஒப்பிட்டேன்.

ஆகவே இப்போது சொல்வது இதுதான். உங்கள் வாடகைப் பலகையின் விளிம்பை நகத்தால் பாருங்கள். மழுங்கல் என்றால் வேறு சோடி கேளுங்கள், அல்லது தீட்டித் தரச் சொல்லுங்கள். தீட்டின பலகையில் அந்தக் கறுப்புப் பாதையில் ஒருக்கா இறங்குங்கள். பிறகு உங்களுக்கு எது குறைகிறது என்று பேசுவோம்.

ஜனவரி 6, 2025

நகத்தை விளிம்பு நீளத்துக்கு ஓட்டாதீர்கள், குறுக்கே மட்டும். ஒருவர் விரலை வெட்டிக்கொண்டாராம். என்னால்தான், தெளிவாக எழுதியிருக்கவேண்டும்.

ஜனவரி 19, 2025

“கொஞ்சம் கூடுதலான பலகையாக வாங்கினால் வளர வளரச் சரிவரும்” என்று ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். பிள்ளைக்கு ஒரு அளவு பெரிதாகச் சப்பாத்து வாங்குகிற பழக்கம் எங்கள் எல்லாருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. நான் முதன்முதலில் வாங்கிய பலகை அப்படித்தான். 2018 இல் இரண்டு தகடு டைட்டனல் (ஒரு அலுமினியக் கலப்புலோகம்) வைத்த பலகை. உலோகத் தகட்டை வைத்து ஒட்டுகிற வழியை 1950 இல் ஹவார்ட் ஹெட் என்ற விமானப் பொறியியலாளர் கொண்டுவந்தார். வேகத்தில் பலகை நடுங்காது, அருமையான விசயம். ஆனால் அந்தத் தகடு வளைய வேகமும் எடையும் வேண்டும். நான் 60 கிலோ, மெதுவாக ஓடுகிறவள். பலகை வளையவே இல்லை. வளையாத பலகை திரும்பாது, நேராகப் போகும். ஒவ்வொரு திருப்பத்திலும் இடுப்பால் இழுத்துத் திருப்பினேன். அந்த ஒரு சீசனில் நான் பழகின கூடாத பழக்கத்தை மறக்க இரண்டு வருடமும் நான்கு பாடமும் எடுத்தன.

இன்றைக்கு எப்படி ஓடுகிறீர்களோ அதற்கு வாங்குங்கள். 78 கிலோவுக்கு ஒரு மெல்லிய தகடு இருந்தால் பரவாயில்லை, இல்லாவிட்டாலும் குறையில்லை.

பெண்களுக்கென்று விற்கிற பலகை பற்றி ஒரு தங்கச்சி கேட்டார். பெரும்பாலும் கொஞ்சம் இலகு, பைண்டிங் சற்று முன்னால். நிறத்தைப் பார்க்காமல் எடையையும் வளைவையும் பாருங்கள். பிடித்தால் எடுங்கள், ஆண்களுடையது பிடித்தால் அதையும் எடுங்கள்.

ஜனவரி 27, 2025

ஸ்கீ பற்றி அல்ல. சனிக்கிழமை ஓடிமுடித்துத் திரும்பும் வழியில் கொலிங்வுட்டில் ஒரு பழைய சாமான் கடைக்குள் போனோம். பச்சையும் கறுப்பும் ஒன்றுக்குள் ஒன்று ஓடுகிற மினுக்கத்தில் ஒரு மண் மீன். அடியில் புளூ மவுண்டன் என்று பொறித்திருந்தது. 1941 இல் மலையைத் திறந்த யோசோ வைடர் தொடங்கின மட்பாண்டத் தொழில் அது, 2004 இல் மூடிவிட்டார்கள். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த மனிதர், பனி இருக்கும்போது மலையையும் பனி இல்லாதபோது மண்ணையும் வைத்து ஊரை நடத்தியிருக்கிறார். 12 டொலர். இப்போது என் மேசையில் இருக்கிறது.

பெப்ரவரி 4, 2025

பைண்டிங். இதை நான் முதல் நாளே எழுதியிருக்கவேண்டும்.

விழும்போது பலகை காலிலிருந்து கழன்று போகவேண்டும். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை உங்கள் எடை, உயரம், வயது, எப்படி ஓடுகிறீர்கள், பூட்ஸ் அடியின் நீளம் எல்லாவற்றையும் வைத்து அட்டவணை பார்த்து வைப்பார்கள். அடி நீளம் பூட்ஸின் குதிப்பக்கத்தில் மி.மீ. கணக்கில் பொறித்திருக்கும், 315 மாதிரி. கடையில் உங்கள் எடையைக் கேட்டால் கூச்சப்பட்டு ஐந்து கிலோ குறைத்தோ, வீரமாக நல்லா ஓடுவேன் என்றோ சொல்லாதீர்கள்.

2019 பெப்ரவரியில் ஒரு நாள் அத்தானின் பலகையை எடுத்து ஓடினேன். பூட்ஸ் பொருந்தியது, அதனால் சரி என்று நினைத்தேன். அவர் 85 கிலோ, பைண்டிங் அவர் எடைக்கு வைத்தது. மதியச் சாப்பாட்டுக்குப் போகிற தட்டையான இடத்தில், நடக்கிற வேகத்தில், பின்பக்கமாகத் திருகி விழுந்தேன். பலகை கழலவில்லை. பலகை ஒரு பக்கம் நின்றது, உடம்பு மற்றப் பக்கம் போனது, நடுவில் முழங்கால். வேகமாக விழுந்திருந்தால் ஒருவேளை கழன்றிருக்கும். ஆறு கிழமை ஊன்றுகோல். இன்றைக்கும் படி இறங்கும்போது அந்தக் கால் ஒரு நொடி யோசிக்கும்.

அந்த 98 பலகை ஆளுக்கும் உங்களுக்கும் இதே கதைதான். பழைய பைண்டிங் என்றால் இன்னொன்று: கொம்பனி ஆதரவு நிறுத்திய மாதிரிகளைக் கடைகள் தொடமாட்டார்கள். உங்கள் புதுப் பூட்ஸின் அடி கிரிப்வோக் வகை, நடக்க வசதியாக வளைந்தது. பழைய பைண்டிங்குகள் பலவும் தட்டை அடிக்கு மட்டும் செய்தவை. பழசு வாங்குவதென்றால், காசு கொடுக்க முன் மாதிரிப் பெயரைக் கடைக்குச் சொல்லிக் கேளுங்கள்.

பெப்ரவரி 16, 2025

இந்தக் கிழமை கொட்டின பனியை டொரொண்டோவின் ஸ்காபரோவில் எல்லாரும் இடுப்பு நோக வழித்தோம். மலையிலும் மெத்தை. என் 76 நுனி புதைந்து புதைந்து வந்தது. மேடுமேடாகக் குவிந்த பனியில் இரண்டு முறை நுனி குத்தி நின்றேன். பக்கத்தில் 90க்கு மேல் அகலமான பலகையோடு ஒரு பெண் மிதந்து போனார்.

நவம்பரில் 72–78 என்று அடித்துச் சொன்னேன். அது என் எடைக்கும் என் ஐஸ் பயத்துக்கும் சரி. தம்பி 78 கிலோ, கியூபெக்கில் ட்ரொம்ப்லானுக்குப் போகும் எண்ணமும் இருக்கிறது, அது 645 மீற்றர் இறக்கம், மேலே ஒரு பனி, கீழே ஒரு பனி. அவருக்கு 78–82 என்று திருத்துகிறேன். 98 இப்போதும் இல்லை. இப்படி ஒரு கிழமை எங்களுக்கு எப்போதாவது வரும், மற்றக் கிழமைகளும் ஓடவேண்டும்.

மார்ச் 3, 2025

வாங்கிவிட்டார்! 80 மி.மீ., 170 செ.மீ., R15, மர நடு, போன வருடத்து மாதிரி, சீசன் முடிவு விலை. சனிக்கிழமை நானும் மகனும் கூடப் போனோம். காலை ஐந்தரைக்கு ஸ்காபரோவிலிருந்து வெளிக்கிட்டோம், வழியில் புட்டும் கட்டைச் சம்பலும். பின்னேரம் மூன்று மணிக்கு, அதே மொசைக் தரை நேரத்தில், அந்தக் கறுப்புப் பாதையின் தலைப்பில் நின்றார். முதல் திருப்பத்தில் பின்னால் சாய்ந்தார், இரண்டாவதிலும். மூன்றாவதில் முன்னால் சாய்ந்து, முழங்காலுக்குக் கீழ் எலும்பு பூட்ஸின் முன்பக்க நாக்கை அழுத்தினது எனக்கு மேலிருந்தே தெரிந்தது. அதற்குப் பிறகு சமாந்தரமாகவே கீழே போய்ச் சேர்ந்தார். பீட்சா இல்லை. நான் கத்தினது லிஃப்டில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

மார்ச் 30, 2025

சீசன் முடிந்தது, பலகையை அப்படியே கராஜில் சாத்தலாமா என்கிறார். வேண்டாம். துணியால் விளிம்பை ஈரமில்லாமல் துடையுங்கள், ஓர் இரவு நனைந்து கிடந்தாலே செம்மஞ்சளாகத் துரு வரும். அடியில் மெழுகைத் தடிப்பாக உருக்கி ஊற்றி, சுரண்டாமல் விடுங்கள், நவம்பரில் சுரண்டலாம். சிமெந்துத் தரையில் நிறுத்தாதீர்கள். பூட்ஸின் உள்ளுறையைக் கழற்றிக் காயவைத்து, திரும்பப் போட்டு, கொளுக்கிகளை இலேசாகப் பூட்டி வையுங்கள், திறந்து கிடந்தால் ஓடு கோணும்.

அந்த 98 விளம்பரம் இன்னும் கிடக்கிறது, விலை இன்னும் இறங்கி. தம்பி அனுப்பினார்.

வருகிற பெப்ரவரி நானும் மகனும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் விஸ்லர் போகிறோம். அங்கே இறக்கம் 1,500 மீற்றருக்கு மேல், பனியும் வேறு. என் 76 வீட்டில் நிற்கும். பலகையை அங்கேயே வாடகைக்கு எடுப்பேன், அநேகமாக 96 அல்லது 98. பூட்ஸ் மட்டும் கைப்பொதியில் என்னோடு வரும்.